பொர்தோ முதல் கார்காசோன் வரை: தென்மேற்குப் பிரான்சின் இடைக்கால ஊர்களைச் சைக்கிளில் பார்க்க ஒரு வழிகாட்டி

சைக்கிளில் பல நாள் பயணம் முதன்முறையாகப் போகிறவர்களுக்குத் தென்மேற்குப் பிரான்சில் இதைவிட ஏற்ற தடம் கிடைப்பது அரிது. பொர்தோவில் கிளம்பி, பழைய ரயில்பாதை ஒன்றின் வழியாகத் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து, கரோன் ஆற்றை ஒட்டி ஓடும் கால்வாயின் கரையைப் பிடித்துத் துலூஸ் போய்ச் சேரலாம். அங்கிருந்து மிதிக் கால்வாயின் கரையோடு கார்காசோன். பக்கத்து ஊர்களுக்குப் போய்வருவதையும் சேர்த்து ஏறத்தாழ 400 கி.மீ. ஏழு நாள் ஓட்டம், துலூஸில் ஒரு நாள் ஓய்வு. வழிநெடுக 'வி80' என்ற எண் போட்ட சைக்கிள் பலகைகள் இருக்கும். கார் லாரித் தொல்லை பெரும்பாலும் கிடையாது.

கிளம்பும் முன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கால்வாய்க்கும் இடைக்காலத்துக்கும் சம்பந்தமே இல்லை. மிதிக் கால்வாயைப் பியேர்-போல் ரிகேயின் திட்டப்படி 1666 முதல் 1681 வரை வெட்டினார்கள். கரோன் கால்வாய் முழுதும் திறந்தது 1856இல்தான். நீங்கள் பார்க்க விரும்பும் ஊர்களோ பெரும்பாலும் 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை எழுந்தவை. ஆற்று வெள்ளத்துக்கும் எதிரிக்கும் அஞ்சி அவற்றில் பலவற்றை மேட்டில் கட்டினார்கள். கால்வாய் வெட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது சமதரை. அதனால் கால்வாய்ப் பாதை பல நல்ல ஊர்களை ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியும், சிலவற்றை ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளியும் விட்டுவிட்டுப் போகிறது. சமதரைதானே என்று நாளுக்கு 90 கி.மீ. ஓட்டுகிறவர்கள் தண்ணீரையும் மர வரிசையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆகவே பார்க்க வேண்டிய ஊர்களை முதலில் குறித்துக்கொண்டு, கிலோமீட்டரை அதற்கேற்ப வெட்டுங்கள். நாளுக்கு 45 முதல் 65 கி.மீ. போதும்.

எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். தங்குமிடங்களும் நிரம்பிவிடும். அக்டோபர் பாதிக்குமேல் முகாம் மைதானங்கள் பலவும் மூடிவிடும். மே மாதத்தில் விடுமுறை நாட்கள் அடுத்தடுத்து வரும் (1ஆம் தேதி, 8ஆம் தேதி, கிறிஸ்துவின் விண்ணேற்ற வியாழன்). அந்த வாரங்களுக்கு அறைகளை முன்னரே பிடித்துவிட வேண்டும். மே 1 அன்று அரசு நினைவுச்சின்னங்கள் திறக்காது.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். கிழக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு மேற்கிலிருந்து வரும் அட்லாண்டிக் காற்று பெரும்பாலும் முதுகில் தள்ளும். பொர்தோவில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் துலூஸ் பக்கம் 'ஓத்தான்' என்ற தென்கிழக்குக் காற்று உண்டு. அது வீசத் தொடங்கினால் சில நாட்களுக்கு நிற்காது, அதுவும் முகத்துக்கு நேரே. அன்று 65 கி.மீ. என்பது 90 கி.மீ. ஓட்டியதுபோல் இருக்கும். துலூஸில் வைத்துக்கொள்ளும் ஓய்வு நாளை முன்னும் பின்னும் நகர்த்தும்படி விட்டுவைத்தால் இதைச் சமாளிக்கலாம்.

விசா வேண்டியவர்கள் தங்குமிடச் சான்றும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். இரவுக்கு இரவு ஊர் மாறும் பயணம் என்பதால் நாள்வாரியாக ஊர், தூரம், தங்குமிடம் என ஒரு பட்டியல் போட்டுக் கடிதத்தோடு இணைத்துவிடுங்கள். காப்பீட்டில் சைக்கிள் விபத்து அடங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்

பந்தய சைக்கிள் வேண்டாம். கேரியரும் மட்கார்டும் உள்ள பயண சைக்கிள் அல்லது கிராவல் சைக்கிள் சரியாக இருக்கும். டயர் 37 முதல் 42 மி.மீ. அகலம். துலூஸ் வரை பெரும்பாலும் வழுவழுப்பான தார்ப்பாதை. அதைத் தாண்டி ஏறத்தாழ 50ஆவது கிலோமீட்டரில் ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்தபின் சரளையும் மண்ணும் மரவேரும் உள்ள பகுதிகள் வரும். 28 மி.மீ. டயரோடு போனால் கை எலும்பெல்லாம் வலிக்கும், பஞ்சரும் சேரும். 40 மி.மீ. டயரில், 75 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ சாமானோடு ஓட்டினால் முன்டயருக்கு 3 பாரும் (காற்றழுத்த அலகு) பின்டயருக்கு 3.5 பாரும் காற்று போதும். மண்பாதை வந்ததும் அரை பார் இறக்கிவிடுங்கள்.

கியரில் கஞ்சம் பார்க்காதீர்கள். கால்வாய்க்கரை தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் லா ரெயோல், ஓவில்லார், கார்காசோன் கோட்டை எல்லாம் மேட்டில் இருப்பவை. சில நூறு மீட்டர்தான் என்றாலும் செங்குத்து. மிகச் சிறிய கியரில் முன்பல்லுச் சக்கரமும் பின்பல்லுச் சக்கரமும் குறைந்தது சம பல்லாவது இருக்க வேண்டும். முன்னால் 30, பின்னால் 34 என்றால் இன்னும் நல்லது.

சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாம், அல்லது பொர்தோவில் வாடகைக்கு எடுக்கலாம். வாடகைக்கு எடுத்தால், எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டுமா, வேறு ஊரில் விடலாமா என்பதை முதலில் கேளுங்கள். பிறகு உங்கள் உயரத்துக்கேற்ற பிரேம் அளவு, பின் கேரியர், எந்த வகை வால்வு என்ற மூன்றையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். விமானத்தில் கொண்டுபோவதானால் பெடல் இரண்டையும் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசை, அதனால் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் இறுக்கிக்கொண்டே போய் மரையைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு தடித்த அட்டைத் துண்டைச் சொருகுங்கள். வழியில் லீவர் அமுங்கினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே போகாது. மின்சைக்கிளின் பேட்டரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அது வேண்டுமானால் வாடகைதான் வழி.

சீட்டின் உயரத்தை வீட்டிலேயே சரி செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் மூன்றாம் நாள் முழங்காலின் முன்புறம் வலிக்கும். உயர்ந்திருந்தால் முழங்காலுக்குப் பின்னால் வலிக்கும், இடுப்பும் ஆடும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாக, சாமான் ஏற்றிய சைக்கிளில் அடுத்தடுத்து இரண்டு நாள் 50 கி.மீ. ஓட்டிப்பாருங்கள். முதல் நாள் எல்லோராலும் முடியும். இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்காரும்போதுதான் குறை தெரியவரும்.

சாமான்

அறைகளில் தங்குவதானால் 8 கிலோ, கூடாரம் அடிப்பதானால் 14 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. முதுகுப்பை கூடாது. பின் கேரியரில் இரு பக்கமும் தொங்கும் 20 லிட்டர் நீர்ப்புகாப் பை இரண்டும், ஹேண்டில்பாரில் பாஸ்போர்ட், பணம், போனுக்கு ஒரு சிறு பையும் போதும். கனமானதைப் பைகளின் அடியில், இரு பக்கமும் சமமாக வையுங்கள்.

கருவிகளில் எதையும் விட்டுவைக்க முடியாது: மாற்று ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் நெம்பி மூன்று, பம்பு, ஆலன் சாவிக்கட்டு, செயின் பிரிக்கும் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒரு ஜோடி, பிரேக் கட்டை ஒரு ஜோடி, பின்சக்கர ஸ்போக்ஸ் கம்பி இரண்டு, பிளாஸ்டிக் கட்டுப்பட்டை பத்து, எம்5 போல்ட் நான்கு. கடைசியாகச் சொன்ன போல்ட்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கேரியரைப் பிடித்திருக்கும் போல்ட் அதிர்விலேயே மெல்லக் கழன்று விழுந்துவிடும். தினமும் மாலையில் நான்கு போல்ட்டையும் சாவி போட்டுத் தொட்டுப்பாருங்கள். கிளம்பும் முன் நீலநிற மரைப்பசை ஒரு சொட்டு விட்டிருந்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

சட்டம்

பிரெஞ்சுச் சட்டப்படி சைக்கிளில் இரண்டு பிரேக், மணி, பிரதிபலிப்பான்கள், இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே இரவிலோ மங்கலான வெளிச்சத்திலோ ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள். காதில் இயர்போன் வைத்து ஓட்டினால் 135 யூரோ அபராதம். திராட்சை மது ருசிபார்க்கும் ஊர்கள் வழியெல்லாம் வரும். ரத்தத்தில் மதுவின் வரம்பு சைக்கிளோட்டிகளுக்கும் உண்டு.

வலப்பக்கம் ஓட்டும் நாடு. அது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது 'வலப்பக்கத்துக்கு முன்னுரிமை' என்ற விதி. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் வழிவிட வேண்டும், நீங்கள் பெரிய தெருவில் போய்க்கொண்டிருந்தாலும்கூட. சிற்றூர்களில் இதுதான் உண்மையான ஆபத்து.

நாள்வாரியாகத் தடம்

முதல் நாள், பொர்தோ முதல் சோவ்தெர்-து-கியேன் வரை, ஏறத்தாழ 57 கி.மீ. கல் பாலத்தைக் கடந்து ஆற்றின் வலக்கரையோடு தெற்கே போனால், பழைய ரயில்பாதையில் போட்ட சைக்கிள் தடம் தொடங்கும். அதற்கு ரொஜே லாபெபியின் பெயர். இவர் 1937ஆம் ஆண்டு தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். செயினைப் பல்லுச் சக்கரம் மாற்றும் டெரெய்லர் கியருக்கு அந்தப் போட்டியில் அனுமதி கிடைத்ததும் அந்த ஆண்டுதான். ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் உறைக்காது. 25 கி.மீ.யில் கிரெயோன், அடுத்து லா சோவ்-மஜோர். இங்கே தடத்தை விட்டு இறங்கி, 1079இல் தொடங்கிய மடத்தின் இடிபாட்டைக் கட்டாயம் பாருங்கள். கூரை இல்லை, வானம்தான் கூரை. தூண்களின் தலைப்பகுதியில் செதுக்கிய உருவங்கள் கண்மட்டத்துக்குச் சற்று மேலேயே இருப்பதால் நிதானமாகப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சோவ்தெர் ஒரு 'பாஸ்தீது'. இந்தச் சொல் பயணம் முழுக்க வரும். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மன்னர்களும் பிரபுக்களும் ஆட்களைக் குடியேற்றவும் வரி பெருக்கவும் எல்லையைக் காக்கவும் திட்டம் போட்டுக் கட்டிய புதிய ஊர்கள் இவை. தெருக்கள் கட்டம் கட்டமாக ஓடும். நடுவே சந்தைச் சதுக்கம் இருக்கும், அதைச் சுற்றி வளைவுத் தாழ்வாரம். சோவ்தெரை 1281இல் நிறுவியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். அப்போது இந்தப் பகுதி ஆங்கில அரசர்கள் கையில் இருந்தது. ஊரின் நான்கு வாசல்களும் இன்றும் நிற்கின்றன. சதுக்கத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு வாசலுக்கும் நடந்துபோய்ப் பார்த்தால் பாஸ்தீதின் கணக்கு கண்ணுக்குப் புரியும். பிறகு வரும் ஊர்களையெல்லாம் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் இரவை இங்கே வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இரண்டாம் நாள், தமசான் வரை, ஏறத்தாழ 60 கி.மீ. முதல் 14 கி.மீ. சிறு மேடுபள்ளங்கள் உள்ள ஊர்ச்சாலை, லா ரெயோல் வரை. காலையிலேயே முடித்துவிடுங்கள். லா ரெயோலின் பழைய நகரமன்றம் 1200ஐ ஒட்டிக் கட்டியது, பிரான்சில் எஞ்சியுள்ள மிகப் பழைய நகரமன்றங்களில் ஒன்று. ஆற்றைக் கடந்து ஃபோந்தே அருகே கால்வாய்க் கரையில் சேர்ந்தால் பிறகு துலூஸ் வரை வழி கேட்க வேண்டியதில்லை. மாஸ்-தஜெனேயில் பாலத்தருகே ஏறி ஊருக்குள் போங்கள். அங்குள்ள 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தில் ரெம்பிராண்ட் 1631இல் வரைந்த சிலுவைக் கிறிஸ்து ஓவியம் இருக்கிறது. தமசான் இன்னொரு பாஸ்தீது. இங்கே சந்தைக் கூடத்தின் மேலேயே நகரமன்றம்.

மூன்றாம் நாள், அஜேன் வரை. நேராகப் போனால் 35 கி.மீ.தான். ஆகவே புசே அருகே கால்வாயை விட்டுத் தெற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் போய் வியான் ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1284இல் நிறுவிய பாஸ்தீது, மதில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. மதிலோடு இருக்கும் பாஸ்தீது இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அபூர்வம், எனவே இந்தச் சுற்றை விடாதீர்கள். அஜேனுக்குள் நுழையும்போது 23 வளைவுகள் தாங்கும் பாலத்தின்மேல் கால்வாயே கரோன் ஆற்றைக் கடக்கிறது. பாலத்தில் பாதை குறுகல், எதிரே ஆள் வந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

நான்காம் நாள், முவாசாக் வரை, சுற்றோடு 55 கி.மீ. வாலன்ஸில் மதியம் சாப்பிட்டுவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கும் ஓவில்லாருக்கு ஏறுங்கள். கடைசிப் பகுதியைத் தள்ளிக்கொண்டு ஏறினாலும் தவறில்லை. முவாசாக்கை எட்டும்போது மாலை நாலுக்குள் இருப்பது நல்லது, இல்லையென்றால் மடத்தை மறுநாள் காலைக்கு வையுங்கள். 1100இல் முடித்த முற்றத்தில் செதுக்கு வேலைப்பாடுள்ள 76 தூண்தலைகள். தெற்குப் பார்த்த தலைவாசலின் மேல், சிம்மாசனத்தில் கிறிஸ்துவும் சுற்றிலும் 24 மூப்பர்களும். வாசலைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, முற்றத்துக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பொர்தோ–சேத் ரயில்பாதை போட்டபோது இந்த மடத்தின் உணவுக்கூடத்தை இடித்தார்கள். முற்றம் நூலிழையில் தப்பியது. முற்றத்தில் நிற்கும்போதே பக்கத்தில் ரயில் போகும் சத்தம் கேட்கும். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் அதை முவாசாக்குக்குக் கொடுங்கள்.

ஐந்தாம் நாள், துலூஸ் வரை 64 கி.மீ. மோந்தெஷில் படகுகளை நீரோடு சேர்த்துச் சரிவில் ஏற்ற 1974இல் அமைத்த இயந்திரத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து பிரியும் 11 கி.மீ. கிளைக் கால்வாயில் போனால் 1144இல் நிறுவிய மோந்தோபான். கால் வலுவுள்ளவர்கள் போய்வரலாம். மற்றவர்கள் நேரே துலூஸ். நகருக்குள் நுழையும் கடைசி 15 கி.மீ. அவ்வளவு அழகில்லை, வேகமாகக் கடந்துவிடுங்கள்.

துலூஸில் ஒரு நாள் முழுக்க நடையாகச் சுற்றுங்கள். செங்கல்லில் எழுந்த சேன்-செர்னேன் பேராலயத்தைத் திருத்தந்தை இரண்டாம் உர்பான் 1096இல் அர்ப்பணித்தார். ஜாக்கொபேன் மடத்தில் ஒற்றைத் தூணின் உச்சியிலிருந்து கூரை விலாக்கள் பனைமட்டைபோல் விரியும். சைக்கிளைத் தங்குமிடத்துக்குள்ளேயே வையுங்கள். சிற்றூர்களில் இல்லாத திருட்டுப் பயம் இங்கே உண்டு.

ஏழாம் நாள், கஸ்தெல்நோதாரி வரை 65 கி.மீ. 50ஆவது கி.மீ. வரை தார்ப்பாதை. அங்கே அவிஞோனே ஊர். 1242 மே மாதம் திருச்சபையின் விசாரணை நீதிபதிகளை, அது ஏற்காத 'கத்தார்' என்ற கிறிஸ்தவப் பிரிவின் ஆதரவாளர்கள் கொன்றது இங்கேதான், 1244இல் அந்தப் பிரிவினரின் மோன்செகூர் கோட்டை வீழ்ந்ததற்கு இதுவே தொடக்கம். சற்றுத் தள்ளி நோரூஸ், 189 மீட்டர். கால்வாயின் உச்சி இது. மலையிலிருந்து கொண்டுவந்த நீர் இங்கே பிரிந்து ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடலுக்கும் போகிறது. மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம்.

எட்டாம் நாள், கார்காசோன் வரை 45 கி.மீ. நடுவே பிராம் ஊருக்கு இரண்டு கி.மீ. இறங்குங்கள். தேவாலயத்தை நடுவில் வைத்து வீடுகள் வட்டம் வட்டமாகச் சுற்றி எழுந்த ஊர். கட்டம் போட்ட பாஸ்தீதுகளைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதாக இருக்கும். கார்காசோனில் ஆற்றுக்கு இக்கரையில் பாஸ்தீது, அக்கரை மேட்டில் கோட்டை. ஏறத்தாழ 3 கி.மீ. மதிலும் 52 கோபுரங்களும். 1209 ஆகஸ்டில், கத்தார்களை எதிர்த்து வந்த சிலுவைப்படையிடம் வீழ்ந்தது. இன்று காணும் கூம்புக் கூரைகள் பல, 1853இல் கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-டுயுக் தொடங்கிய புதுப்பித்தலில் வந்தவை. உள்மதிலின் அடியில் கற்களுக்கு நடுவே சிவப்புச் செங்கல் வரிசை தெரிந்தால் அது ரோமானியர் காலத்துச் சுவர். கோட்டைத் தெருக்களில் நுழையக் கட்டணம் இல்லை, உள்ளே உள்ள பிரபு மாளிகைக்கும் மதில் நடைக்கும் உண்டு. கற்பாவிய தெருவில் கூட்டத்துக்கு நடுவே சைக்கிளைத் தள்ளுவது பெரும்பாடு. சாமானை அறையில் வைத்துவிட்டு, காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஏழுக்குப் பிறகோ பழைய பாலத்தின் வழியாக நடந்து ஏறுங்கள்.

சாப்பாடும் கடை நேரமும்

நாட்டுப்புறப் பிரான்சில் பசிக்கு அல்ல, மணிக்குத்தான் சோறு. சாப்பாட்டுக் கடைகள் 12 முதல் 2 வரை, பிறகு மாலை 7 முதல் 9 வரை. இரண்டேகாலுக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குமேலும் திங்கட்கிழமையும் சிற்றூர்களில் பல கடைகள் திறக்காது. சனி மாலையே இரண்டு நாளைக்கான ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், கொட்டைகள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரொட்டிக்கடை மட்டும் காலை ஏழு மணிக்கே திறந்திருக்கும். சாக்லேட் வைத்த ரொட்டியை இங்கே 'ஷொக்கொலாத்தீன்' என்று கேளுங்கள். பாரிஸில் சொல்லும் பெயரைச் சொன்னால் திருத்துவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய வட்டாரம் இது. கஸ்தெல்நோதாரியின் கசூலே வெறும் அவரைக் கறிபோலத் தெரியும். வாத்தும் பன்றித் தொத்திறைச்சியும் இல்லாமல் அது கிடையாது. சாலட்டிலும் வாத்து இரைப்பை வரும், உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுப்பதும் உண்டு. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும். 'நி வியாந்த், நி புவாசோன்' (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆட்டுப்பால் கட்டி சாலட், முட்டைப் பணியாரம், முவாசாக்கின் ஷஸ்லா திராட்சை, அஜேனின் உலர்ப்பழம் இவற்றை நம்பலாம்.

ஒரு லிட்டர் குப்பி இரண்டு எப்போதும் நிறைந்திருக்கட்டும். தண்ணீர் தீர்ந்து ஊரில் ஒரு கடையும் திறந்திராவிட்டால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

தங்க 'அக்கேய் வேலோ' என்ற பலகை உள்ள விடுதிகளைத் தேடுங்கள். சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவியும் அங்கே இருக்கும். கூடாரத்தை ஊராட்சி முகாம் மைதானத்தில்தான் அடிக்க வேண்டும், கால்வாய்க் கரையிலோ நினைவுச்சின்னத்தின் அருகிலோ கூடாது.

எங்கே என்ன கெடும்

கரையோர மரங்கள் பிளாத்தான் மரங்கள். அவற்றின் வேர் தாரைத் தூக்கிக் குறுக்கே வரப்புபோல் நிற்கும். நிழல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. சாமானோடு வேகமாக ஏறி இறங்கினால் பின்சக்கரத்தின் வலப்பக்க ஸ்போக்ஸ் கம்பிதான் முதலில் ஒடியும், சுமையும் செயின் இழுப்பும் அங்கே சேருவதால். கம்பி ஒடிந்து சக்கரம் கோணினால், ஒடிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு கட்டி, அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பி இரண்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, அடுத்த ஊர்க் கடை வரை மெதுவாகப் போகலாம்.

மிதிக் கால்வாயின் பழைய வளைவுப் பாலங்களுக்கு அடியில் பாதை ஓர் ஆள் அகலம், தலைக்குமேலும் இடமில்லை. வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது கண் தெரியாது, ஒரு சாண் தள்ளினால் தண்ணீர். மணியடித்து, பிரேக்கில் கைவைத்து நுழையுங்கள், பயமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். பாதையின் குறுக்கே வைத்திருக்கும் கம்பித் தடுப்புகளில் பை மாட்டிக் கவிழ்கிறவர்களும் உண்டு. பைகளின் அகலத்தை மறக்காதீர்கள்.

மிதிக் கால்வாயில் ஏறத்தாழ 42,000 பிளாத்தான் மரங்கள் நின்றன. 2006 முதல் பூஞ்சை நோய் தாக்கிப் பல்லாயிரம் மரங்களை வெட்டிவிட்டார்கள். அந்த வெட்டவெளிகளில் நிழலே இருக்காது. தொப்பியும் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மரம் உள்ள இடத்தில், வசந்த காலத்தில் காயிலிருந்து பறக்கும் பஞ்சுத்துகள் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பிறகு ஓட் மாவட்டத்து மண்பாதையில் களிமண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தை நிறுத்திவிடும். அதை ஓட்டித் தீர்க்க முயலாதீர்கள். வரைபடத்தில் வெள்ளைக் கோடாகப் போட்டிருக்கும் ஊர்ச்சாலைக்கு மாறுங்கள். இணையாக ஓடும் டி6113 நெடுஞ்சாலைக்கு மட்டும் போக வேண்டாம், லாரிகள் உரசிக்கொண்டு போகும். விபத்து என்றால் 112.

திரும்பும் ரயில்

கார்காசோன் ரயில் நிலையம் கால்வாய்க்கு எதிரிலேயே இருக்கிறது. மார்செய்–பொர்தோ 'ஆன்தெர்சித்தே' ரயில் இங்கே நிற்கும், துலூஸ் வழியாகப் பொர்தோ போகும். கழற்றாத சைக்கிளுக்கு அதில் முன்பதிவு கட்டாயம், இடமும் சிலதான். உங்கள் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். டிஜிவி என்ற அதிவேக ரயிலில் சைக்கிள் இடம் எல்லா வண்டியிலும் கிடையாது. இல்லையென்றால் சக்கரங்களைக் கழற்றி 130×90 செ.மீ. பைக்குள் அடக்க வேண்டும். வட்டார ரயில்களில் பெரும்பாலும் ஏற்றிக்கொள்ளலாம், கோடைக்காலத்தில் முன்பதிவு வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்கு 40 நிமிடம் முன்பே வந்துவிடுங்கள். நடைமேடைப் பலகையில் சைக்கிள் பெட்டி எங்கே நிற்கும் என்று பார்த்து அங்கே போய் நில்லுங்கள். தொங்குபைகளை வண்டி வருமுன்னே கழற்றித் தோளில் மாட்டிவிடுங்கள். பெட்டியின் படி உயரம், வண்டி நிற்பது சில நிமிடம், சாமானோடு சேர்த்துச் சைக்கிளைத் தூக்க ஒருவரால் முடியாது. முன்சக்கரத்தை முதலில் ஏற்றி, பிறகு பின்பக்கத்தைத் தூக்கி உள்ளே தள்ளுங்கள்.